வாகனப் பெயிண்டிங் தொழில்: தகடு முதல் பாலிஷ் வரை முழுமையான வழிகாட்டி

காய்ந்த பேஸ் கோட்டின், அதாவது நிறப் பூச்சின், கனம் 15 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் மேல் கிளியர் எனும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு ஒரு 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான் இருக்கும். இவ்வளவு மெல்லிய படலம் அடியில் இருக்கும் எதையும் மறைக்காது. பளபளப்பு ஏறியதும் அடியில் இருப்பது இன்னும் எடுப்பாகத் தெரியும். வாகனப் பெயிண்டரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பே போய்விடுவது அதனால்தான்.

பெயிண்டில் கண்ணுக்குப் படும் குறை பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று படி முன்னால் பிறந்தது. ஆகவே ஒவ்வொரு படியிலும் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, அங்கே தவறினால் அது கடைசியில் எந்த உருவத்தில் வெளிவரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் மூச்சு

டூ-கே (ஹார்டனர் எனும் இறுக்கியைக் கலந்து அடிக்கும் இரு பகுதிப் பூச்சு) கிளியர், டூ-கே பிரைமர் (அடிப்பூச்சு), பி.யு. (பாலியூரிதேன்) டாப் கோட் ஆகியவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் எனும் ரசாயனம் இருக்கிறது. தொழில்முறை ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. அதன் ஆபத்து இரண்டு விதம். தீங்கு செய்யும் அளவுக்குக் காற்றில் கலந்திருந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாது. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைக் கிளப்பப் போதும். அந்தப் பெயிண்டர் ஸ்ப்ரே வேலையையே விட வேண்டிவரும்.

துணி மாஸ்க், தூசி மாஸ்க் இரண்டும் இதற்கு உதவாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்கும். ஆனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்து ஐசோசயனேட் உள்ளே வரத் தொடங்கினால் வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே டூ-கே அடிப்பதற்குச் சரியானது வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் ஏர்-ஃபெட் மாஸ்க்தான். கன்னை நிறுத்தியவுடன் மாஸ்க்கின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு "ஃபினிஷ் எப்படி வந்திருக்கிறது" என்று குனிந்து பார்ப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ள பழக்கம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனி அப்போதும் பூத் எனும் ஸ்ப்ரே அறைக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கும். பூத் முழுதாகக் காற்றை மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை புகை விட்டு அளந்து, அந்த நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அதுவரை மாஸ்க் முகத்தில்தான் இருக்க வேண்டும்.

தோல் வழியாகவும் இது உள்ளே போகும். நைட்ரைல் கையுறை, முழுக்கை ஓவரால் இரண்டும் கட்டாயம். தின்னரில் கை கழுவக் கூடாது. அது தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்து மற்ற ரசாயனங்களுக்குக் கதவைத் திறந்துவிடும். பழைய லாரி, பஸ், ரயில் பெட்டிகளின் மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டிலும் துருத்தடுப்பு பிரைமரிலும் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். அவற்றை உலர்வாகத் தேய்த்துப் பறக்கவிடாமல், தூசி உறிஞ்சும் சாண்டரிலோ தண்ணீர் விட்டோ தேய்க்க வேண்டும். ஸ்ப்ரே செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரவில் இருமல், வார இறுதியில் சரியாகி வேலை நாளில் திரும்பும் நெஞ்சிறுக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். அவை தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

காற்று: கம்ப்ரஸர் முதல் கன் வரை

அதிகக் காற்றில், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் ஹெச்.வி.எல்.பி. கன் ஒன்று நிமிடத்துக்கு 300 முதல் 400 லிட்டர் காற்று கேட்கும். கம்ப்ரஸர் வாங்கும்போது டாங்கின் அளவை மட்டும் பார்க்காமல், உண்மையில் வெளியே தரும் காற்றின் அளவைப் பாருங்கள். தோராயமாக 1 ஹெச்.பி.க்கு நிமிடத்துக்கு 100 லிட்டர் என்று கணக்கு வைக்கலாம். எனவே ஒரு கன்னுக்கு 4 முதல் 5 ஹெச்.பி. தேவை. இதைவிடச் சிறிய கம்ப்ரஸரில் பானட்டின் முதல் பாதி நன்றாக வரும். இரண்டாம் பாதியில் அழுத்தம் இறங்கி, துளி பெரிதாகி, ஆரஞ்சுத் தோல், அதாவது ஆரஞ்சுப் பழத்தின் தோல் போன்ற மேடுபள்ளம், வந்துவிடும்.

காற்று வரும் ஹோஸின் உள்விட்டம் 8 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். மெல்லிய நீண்ட ஹோஸில் வழியிலேயே 1 பாருக்கு மேல் கூட அழுத்தம் இழக்கலாம். அதனால் அழுத்தத்தைச் சுவரில் உள்ள ரெகுலேட்டரில் பார்க்காதீர்கள். கன்னின் அடியில் மாட்டிய கேஜில், டிரிகரை அழுத்திப் பிடித்தபடி பாருங்கள். பெரும்பாலான கன்களுக்கு 2 பார், அதாவது ஏறக்குறைய 29 பி.எஸ்.ஐ. போதும்.

தண்ணீர் ஒரு தனிப் பிரச்சினை. கம்ப்ரஸரை விட்டு வரும் காற்று சூடாக இருப்பதால் அதில் நீர் ஆவியாகவே இருக்கும். கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே, காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப் மாட்டினால் ஆவி அதைத் தாண்டிப் போய், ஹோஸில் குளிர்ந்து துளியாகும். குறைந்தது 7 மீட்டர் இரும்புக் குழாய் ஓடிக் காற்று ஆறிய பிறகே டிராப் வர வேண்டும். குழாயைச் சற்றுச் சரிவாக ஓட்டுங்கள். கிளைக் குழாயை மெயின் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுங்கள். டாங்கின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்து விடுங்கள்.

கன் முனையின் அளவு: பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ., பேஸ் கோட்டுக்கு 1.3, கிளியருக்கு 1.3 அல்லது 1.4. பிரைமருக்குத் தனிக் கன் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரின் கனத்த நிறமித் தூள் பாதையில் ஒட்டியிருந்து கிளியரில் புள்ளியாக விழும்.

கழுவுதல், பிறகுதான் தேய்த்தல்

வேலையைத் தண்ணீரும் சோப்பும் கொண்டு தொடங்குங்கள். உப்பு, பறவை எச்சம், சாலைப் புழுதி எல்லாம் நீரில் போகும், தின்னரில் போகாது. மெழுகு, சிலிகான், கிரீஸ் மூன்றும் அதற்கு நேர்மாறு. எனவே முதலில் சோப்புத் தண்ணீர், காய்ந்த பின் வேக்ஸ் ரிமூவர். தேய்ப்பதற்கு முன்பே இரண்டையும் முடிக்க வேண்டும். கழுவாமல் எமரி (உப்புத்தாள்) போட்டால் சிலிகானைக் கீறலுக்குள் தேய்த்து உட்கார வைத்தது போலாகும். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் கிளியரில் மீன் கண் எனும் சிறு வட்டக் குழிகள் வரும்.

வேக்ஸ் ரிமூவருக்கு இரண்டு துணி. ஒன்றில் நனைத்து ஓர் அடி சதுரம் ஈரமாக்குங்கள். அது தானாகக் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுங்கள். காயவிட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் மறுபடி படிந்துவிடும்.

வேலைக்கு முன் பழைய பெயிண்டையும் சோதிக்க வேண்டும். தின்னர் நனைத்த துணியை ஒரு மூலையில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். துணியில் நிறம் ஒட்டினாலோ பரப்பு இளகினாலோ அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அல்லது சரியாகக் காயாத பெயிண்ட். அதன் மேல் நேராக டூ-கே அடித்தால் அடியில் இருப்பது பொங்கிச் சுருங்கும். அங்கே சுரண்டி எடுப்பதுதான் வழி.

துருவைப் பொறுத்தவரை சமரசமே கிடையாது. கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் தகடு வெள்ளையாகத் தெரியும் வரை எடுக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி போட்டால் அது எந்த பிரைமரை ஏற்கும் என்று டப்பாவில் படியுங்கள். மிஞ்சிய அமிலத்தின் மேல் எபாக்சி பிரைமர் சரியாகக் காயாது. பளிச்சென்று தெரியும் தகட்டை அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள் பிரைமரால் மூடிவிடுங்கள். ஈரக் காற்று உள்ள இடத்தில் ஓர் இரவுக்குள் செம்படலம் ஏறிவிடும்.

விளிம்பு இறக்குதல்

பெயிண்ட் உரிந்த இடத்தின் ஓரம் ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும். அதைச் சரிவாக்குவதுதான் விளிம்பு இறக்குதல். 180 நம்பர் எமரியை ஆர்பிடல் சாண்டரில் போட்டு, இயந்திரத்தைச் சாய்க்காமல் முழுத் தட்டையும் பரப்பில் வைத்துத் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் மரத்தின் வளையங்கள் போலக் கோடுகள் விரியும்: நடுவில் தகடு, பிறகு பிரைமர், நிறம், கிளியர். ஒவ்வொரு வளையமும் குறைந்தது 1 செ.மீ. அகலம் ஆகும் வரை தேயுங்கள். பிறகு 240, அடுத்து 320. கண்ணை மூடிக்கொண்டு, கையுறை போட்ட உள்ளங்கையைக் காயத்தின் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். நான்கு விரல் நுனிகளும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தாண்டும்போது எந்தத் தட்டலும் தெரியக் கூடாது. கண் நிறத்தைப் பார்த்து ஏமாறும். கைக்கு மேடு பள்ளம் மட்டுமே தெரியும். இங்கே அவசரப்பட்டால் வண்டி போய் ஒரு மாதத்தில், பிரைமர் சுருங்கியதும், கிளியருக்குள் தீவு வரைபடம் போல ஒரு கோடு எழும்பும்.

எமரி நம்பரில் பெரிய தாவல் கூடாது. 80 கீறலை 180 எடுக்கும்; 180 கீறலை 320 எடுக்கும். 80-க்குப் பிறகு நேராக 320 போட்டால் கீறலின் வாய்தான் மழுங்கும், அடி அப்படியே இருக்கும். பேஸ் கோட்டின் தின்னர் அதில் இறங்கிக் கீறலை வீங்க வைக்கும்.

பட்டி

பள்ளத்தை நிரப்பும் பாலியெஸ்டர் பட்டிக்கு ஹார்டனர் எடையில் 2 முதல் 3 சதவீதம். அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 முதல் 3 கிராம். சிவப்பு ஹார்டனர் என்றால் கலவை சீரான இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். கோடு கோடாகத் தெரிந்தால் கலக்கவில்லை என்று பொருள். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் சேர்ப்பது தவறு. மிஞ்சிய பெராக்சைடு பிரைமரையும் கடந்து மேலே வந்து, குறிப்பாக நீல, பச்சை நிறங்களை, திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும். 20 டிகிரி செல்சியஸில் கலந்த பட்டி 4 முதல் 6 நிமிடம் வரை பூசும் பதத்தில் இருக்கும். 20 முதல் 30 நிமிடத்தில் தேய்க்கலாம்.

பிளேடை அழுத்தி முதல் மெல்லிய பூச்சைக் கீறல்களுக்குள் தள்ளுங்கள். பிறகுதான் கனம். காற்று உள்ளே மாட்டினால் அது பின்னால் ஊசித் துளையாக வரும். மொத்தக் கனம் 3 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வண்டியைத் தகடு தட்டுபவரிடம் திருப்பி அனுப்புங்கள். எட்ச் பிரைமரின் மேல் பட்டி வைக்காதீர்கள். அதன் அமிலம் பட்டியைக் காயவிடாது. தேய்த்த வெறும் தகடும் காய்ந்த எபாக்சியும் பட்டியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. அது பஞ்சு போல நீரைக் குடிக்கும். மேலே எத்தனை கோட் போட்டாலும் முதல் வெயிலில் அந்த நீர் ஆவியாகிக் கொப்பளம் தள்ளும், அடியில் துருவும் பிடிக்கும். உலர்வாகவே, நீளமான பிளாக் (எமரி சுற்றிய கட்டை) வைத்து, 80, 180 நம்பர்களில் குறுக்கும் மறுக்குமாகத் தேயுங்கள். விரல்களால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் வாய்க்கால் விழும்.

பிரைமர்

வெறும் தகட்டில் எபாக்சி. அதன் மேல், தேய்த்துச் சமமாக்குவதற்கான டூ-கே சர்ஃபேசர். சர்ஃபேசர் 2 அல்லது 3 கோட், கோட்டுக்குக் கோட் 10 நிமிட இடைவெளி, காய்ந்த கனம் 60 முதல் 100 மைக்ரான். ஒவ்வொரு கோட்டையும் முந்தையதைவிடச் சற்று அகலமாக அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள்: முதல் கோட் அகலம், அடுத்தது உள்ளே தள்ளி. அப்போது உலர்ந்த ஸ்ப்ரேத் தூளின் மேல் ஈரப் பூச்சு விழாது. ஓரமும் மெலிதாக முடியும்.

காய்ந்ததும் கறுப்பு கைடு கோட்டை மெலிதாகத் தூவி, பிளாக் வைத்து 400 அல்லது 500 உலர்வாகத் தேயுங்கள். தண்ணீரில் தேய்ப்பதென்றால் 800. கறுப்பு தங்கிய இடம் பள்ளம். தகடு எட்டிப் பார்த்த இடம் மேடு. பள்ளம் இருந்தால் இன்னொரு முறை பிரைமர். இதை முழுதாகக் காயவிடாமல் மேலே போவதுதான் பளபளப்பு ஒரு வாரத்தில் மங்குவதற்குப் பொதுவான காரணம். உள்ளே சிக்கிய தின்னர் மெல்ல வெளியேறும்போது மேல் படலத்தையும் கீழே இழுக்கும்.

பொருளுக்குப் பொருள் அடிப்பூச்சு மாறும். அலுமினியம் தேய்த்த சில மணி நேரத்திலேயே மேலே ஆக்சைடு வளரும். அன்றே எட்ச் அல்லது எபாக்சி. துத்தநாகம் பூசிய தகட்டில் சாதாரண சிந்தெடிக் எனாமலை நேராக அடித்தால், எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாகி ஏடாக உரியும், அங்கும் எபாக்சிதான். பாலிப்ரொப்பிலீன் பம்பருக்கு முதலில் பிளாஸ்டிக் பிரைமர். முன்பக்க ரேடார் பம்பருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், அந்த இடத்தில் பட்டியும் கனமான மெட்டாலிக் பூச்சும் ரேடார் அலையைத் தடுக்கும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் கனத்தை முன்கூட்டியே பாருங்கள்.

மாஸ்கிங்

செய்தித்தாள் வேண்டாம். மை கரைந்து ஒட்டும், நார் உதிரும். மாஸ்கிங் பேப்பர், இரண்டு நிறம் சேரும் கோட்டுக்கு ஃபைன்-லைன் டேப், கதவு இடுக்குக்கு ஃபோம் டேப். பிரைமர் ஒரு பேனலின் நடுவில் முடிகிறது என்றால் டேப்பைத் தட்டையாக ஒட்டாமல் பேப்பரைத் திருப்பி மடித்து வளைவாக விடுங்கள். அப்போது கூரான கரை உருவாகாது.

நிறம் பொருத்துதல்

கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பெயிண்ட் குறியீடு இருக்கும். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே குறியீட்டுக்கு ஆலைக்கு ஆலை, ஆண்டுக்கு ஆண்டு சற்று வேறுபடும் ஷேடுகள் உண்டு. வெயில் வேறு வண்டியின் நிறத்தை மாற்றியிருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டெஸ்ட் கார்டில் அடியுங்கள். கட்டம் மறையும் வரை எத்தனை கோட் ஆனது என்று எண்ணிப் பின்பக்கம் எழுதுங்கள். கிளியரும் போட்டுக் காய்ந்த பிறகே வண்டியில் வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நேராக, பிறகு பக்கவாட்டில், கடைசியாக விளக்கின் கீழே. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறமிக் கலவை இன்னொன்றில் பிரிந்து தெரியலாம்.

மெட்டாலிக்கில் கன் பிடிக்கும் விதமே நிறத்தை மாற்றும். ஈரமாக விழுந்தால் அலுமினியத் துகள்கள் அடியில் இறங்கி, நேராகப் பார்க்க நிறம் கறுக்கும். உலர்வாக விழுந்தால் துகள்கள் மேலே தங்கி வெளிறும். அதனால் டெஸ்ட் கார்டை அடித்த அதே அழுத்தம், அதே தூரம், அதே வேகம் வண்டியிலும் வேண்டும்.

எவ்வளவு கலப்பது? ஒரு கதவின் வெளிப்புறத்தை 1 சதுர மீட்டர் என்று வையுங்கள். 50 மைக்ரான் காய்ந்த கிளியர் என்றால் 50 மி.லி. திடப்பொருள். கலந்த கிளியரில் கன அளவில் 40 சதவீதம் திடப்பொருள் என்றால் 125 மி.லி. தேவை. கன்னிலிருந்து போவதில் 60 சதவீதம்தான் தகட்டில் ஒட்டும் என்றால் 210 மி.லி.யை நெருங்கும். கப்பின் அடியில் தங்குவதையும் சேர்த்து 250 கலக்கலாம். பேனலின் நடுவில் தீர்ந்து மறுபடி கலப்பது மெட்டாலிக்கில் கண்ணுக்குத் தெரியும் பட்டையாக முடியும்.

கன்னைச் சோதித்தல்

சுவரில் ஒட்டிய பேப்பரில், 15 செ.மீ. தூரத்தில், ஒரு நொடி டிரிகரை அழுத்தி விடுங்கள். நீள்வட்டம் சீராக வர வேண்டும். நடுவில் கனமாகவும் முனையில் மெலிதாகவும் இருந்தால் பெயிண்ட் கெட்டி அல்லது காற்று குறைவு. இரண்டாகப் பிரிந்து எட்டு போலத் தெரிந்தால் காற்று அதிகம். வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளைந்தால் ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடித்துப் பாருங்கள். வளைவும் பக்கம் மாறினால் கேப்பின் துளையில் அடைப்பு. அதே பக்கம் நின்றால் நாசில் முனையில் அடைப்பு. கம்பியால் குத்தாதீர்கள், துளை ஒரு நூல் அகன்றாலும் அந்தக் கேப் வீண். தின்னரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள்.

பேஸ், பிறகு கிளியர்

தகட்டின் வெப்பம் பனிநிலையை (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். பூத் 20 முதல் 25 டிகிரியில் இருப்பது வசதி. கடைசியாக ஒருமுறை வேக்ஸ் ரிமூவர். பிறகு தூசி எடுக்கும் பிசின் துணியான டாக் கிளாத், அதுவும் இறகு தடவுவது போல. அழுத்தினால் அதன் பிசின் ஒட்டும்.

கையை வளைத்து வீசக் கூடாது. தோளிலிருந்து நகர்ந்து கன்னைப் பரப்புக்கு நேராகவே கொண்டுபோக வேண்டும். தூரம் 15 முதல் 20 செ.மீ. சாதாரண நிறத்துக்குப் பாதிக்குப் பாதி ஓவர்லாப், மெட்டாலிக்குக்கு முக்கால் பங்கு. பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். பேஸ் 2 கோட். ஒவ்வொன்றும் பளபளப்பு போய் மேட் ஆன பிறகே அடுத்தது. மெட்டாலிக்கில் கடைசியாக, அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, தூரத்தைக் கூட்டி, ஒரு மெல்லிய டிராப் கோட். துகள்கள் சீராகப் படியாமல் வரும் மேகத் திட்டுகளைச் சமன் செய்வது அதுதான்.

பழைய பேனலோடு நிறம் சரியாகச் சேர வேண்டும் என்றால் அடுத்த பேனலுக்குள் பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கி இறக்குங்கள். கிளியரை மட்டும் பேனலின் கரை வரை முழுதாக அடியுங்கள். பேனலின் நடுவில் கிளியரை முடித்தால் சில மாதங்களில் அது முடிந்த ஓரத்தில் உரியத் தொடங்கும்.

கிளியர் கலவையில் கண் மதிப்பு கூடாது. 2:1 என்றால் அளவுக் குச்சியில் அல்லது தராசில் 2:1. ஒரு நிறுவனத்தின் கிளியருக்கு இன்னொன்றின் ஹார்டனர் வேண்டாம். ஹார்டனர் டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே மங்கலாகவோ கற்கண்டு போலவோ தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெயில் காலத்துக்கும் பெரிய பரப்புக்கும் ஸ்லோ ஹார்டனர், சின்ன டச்சப்புக்கு ஃபாஸ்ட்.

முதல் கோட் மிதமான ஈரம். 10 முதல் 15 நிமிடம் கழித்து பக்கத்து மாஸ்கிங் பேப்பரில் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருக்க வேண்டும், விரலோடு நூல் வரக் கூடாது. நூல் வந்தால் காத்திருங்கள். நூல் வரும்போதே இரண்டாம் கோட் அடித்தால் அடியில் சிக்கிய தின்னர் சூட்டில் பொரிந்து ஊசிக் குத்து போன்ற துளைகளைத் தரும். இரண்டாம் கோட் முழு ஈரம். பிறகு 10 நிமிடம் விட்டு, பேக்கிங் 60 டிகிரியில் 30 நிமிடம். இது தகட்டின் வெப்பம். பூத் காற்றின் வெப்பம் அல்ல. தகடு 60-ஐத் தொட்ட பிறகே கடிகாரத்தைப் பாருங்கள். மின்சார வண்டிகளில் பேட்டரிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். அதை மீறக் கூடாது.

பஸ், லாரி, இன்னும் பெரியவை

பெரிய வண்டியின் சிக்கல் ஈர விளிம்பு. 11 மீட்டர் பஸ்ஸின் ஒரு பக்கத்தை ஒருவர் அடித்து முடிப்பதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து, ஸ்ப்ரேத் தூள் அதில் உட்கார்ந்து சொரசொரப்பாகும். இரண்டு பேர் நடுவிலிருந்து எதிரெதிராக நகரலாம், அல்லது தூண், மூலை போன்ற இயல்பான இடைவெளிகளில் நிறுத்தித் திட்டமிடலாம். அரை லிட்டர் கப் இங்கே போதாது. பெயிண்டை அழுத்தத்தில் கன்னுக்கு அனுப்பும் 10 லிட்டர் பிரஷர் பாட் வேண்டும். கண்ணாடி போக 20 சதுர மீட்டர் பரப்புக்கு மேலே சொன்ன கணக்குப்படி 4 லிட்டருக்கு மேல் கிளியர் ஆகும். ஒரே பேட்ச் நிறத்தை முன்பே ஒன்றாகக் கலந்து வையுங்கள்.

சிந்தெடிக் எனாமல் அடித்த லாரியில் மறுகோட் நேரத்தைக் கவனிக்க வேண்டும். டப்பாவில் சொன்ன சில மணி நேரத்துக்குள் அடுத்த கோட் போடுங்கள், இல்லை என்றால் முழுதாகக் காய்ந்த பிறகு. இடைப்பட்ட நாளில் போட்டால் மேல் தோல் சுருங்கும். எனாமல் துடைத்த துணியைக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள இரும்பு டின்னில் போடுங்கள்.

விமானத்தில் இறக்கையின் அசையும் பாகங்களுக்குப் பெயிண்ட் அடித்தால் அவற்றின் எடைச் சமநிலையை மறுபடி சோதிக்க வேண்டும். சில நூறு கிராம் பெயிண்ட் அங்கே பறக்கும்போது அதிர்வாக மாறக்கூடும்.

குறையிலிருந்து பின்னோக்கி

மீன் கண் வந்தால் கழுவிய படியைப் பாருங்கள். வாட்டர் டிராப்பில் கம்ப்ரஸர் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் வந்தால் கெட்டியான கலவை, குறைந்த காற்று, அதிக தூரம், அந்த வெப்பத்துக்கு ஒவ்வாத ஃபாஸ்ட் தின்னர் ஆகியவற்றை இந்த வரிசையில் சோதியுங்கள். ஒழுகல் வந்தால் வேகம் குறைவு அல்லது இடைவெளி போதவில்லை. உடனே துணியால் துடைக்கத் தோன்றும், விட்டுவிடுங்கள். முழுதாகக் காய்ந்ததும் பிளேடால் சீவி எடுப்பது எளிது. மெட்டாலிக்கில் மேகம் தெரிந்தால் டிராப் கோட்டில் தவறு. கிளியர் போடுவதற்கு முன்பே, பேஸ் மேட் ஆனதும், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

தூசி எல்லோருக்கும் விழும். காய்ந்த மறுநாள் 1500, 2000, 3000 நம்பர்களில் தண்ணீர் விட்டு அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுங்கள். கனம் அளக்கும் கேஜை முன்னும் பின்னும் வையுங்கள். பாலிஷ் செய்து கிளியரில் 10 மைக்ரானுக்கு மேல் எடுப்பது ஆபத்து; சூரியனைத் தடுக்கும் பாதுகாப்பு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அங்கே கிளியர் எப்போதும் மெலிது.

எந்த வரிசையில் கற்பது

புதிதாக வருகிறவர் முதலில் கழுவலும் மாஸ்கிங்கும் செய்யட்டும். அடுத்து பட்டியும் பிளாக் தேய்ப்பும். கன்னில் முதல் வேலை பிரைமராக இருக்கட்டும், ஏனென்றால் அதில் வரும் ஒழுகலைத் தேய்த்து எடுத்துவிடலாம். பிறகு கதவின் உட்புறம், பானட்டின் அடி. அதற்குப் பின் வெள்ளை, சிவப்பு போன்ற சாதாரண நிறத்தில் முழுப் பேனல். மெட்டாலிக் அதற்கும் பிறகு. வெளிர் வெள்ளி நிறத்தை இரண்டு பேனலுக்கு நடுவில் பிளெண்ட் செய்வதை (மெலிதாக்கிச் சேர்ப்பதை) கடைசிக்கு வையுங்கள். ஒவ்வொரு வேலையிலும் குறியீடு, கலவை விகிதம், வெப்பம், ஹார்டனர் வகை, கோட் எண்ணிக்கை, காய்ந்த கனம் ஆகியவற்றை டெஸ்ட் கார்டின் பின்னால் எழுதி ஒரு டப்பாவில் சேருங்கள். அதே நிறத்தில் அடுத்த வண்டி வரும்போது அந்தக் கார்டை எடுத்துக் கதவின் மேல் வைத்துப் பார்த்துத் தொடங்கலாம்.